திருக்கைவால் படையின் தோற்றம், நோக்கம், செயல்முறை

திருக்கைவால் படை என்ற அமைப்பின் தோற்றம், நோக்கம், செயல்முறை ஆகியவற்றை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வியாழன் மாலைக்குள் தர வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார். அப்படி ஒரு படையை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றேன். அவர் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அந்தப் படையைப் பற்றி நான் பதினெட்டு அறிக்கைகள் அனுப்பியிருந்தேன். பதினெட்டிலும் என் கையெழுத்து இருந்தது.

நான் காவல்துறையின் உளவுத் தகவல் பிரிவில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது, தொடர்ந்து வர வேண்டும். என் எல்லை வடக்கே முட்டுக்காடு, தெற்கே புதுப்பட்டினம், மேற்கே செங்கல்பட்டுச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஏற்றும் காவலர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "ஐயா, திருக்கைவால் படைன்னு ஒரு பக்கம் ஃபுல்லா செவப்பு மையில அடிச்சிகீது. இத ஏத்தறதா, வுட்டுடறதா?" என்று கேட்டார். விடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பக்கம் எப்படி வந்தது, எப்படிச் சிவப்பானது என்று சொல்ல மட்டும் முடியும்.

போலீசில் சேருவதற்கு முன் ஒன்றரை ஆண்டு ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செங்கல்பட்டிலிருந்து செய்தி அனுப்பினேன். யார், எங்கே, எப்போது என்பதை முதல் வரியில் வைக்க வேண்டும், எனக்குத் தோன்றியதை எந்த வரியிலும் வைக்கக் கூடாது என்று அங்கே கற்றேன். காவலர் பயிற்சிப் பள்ளியில் ஷூவுக்குப் பாலிஷ் போடக் கற்றேன். ஸ்டேஷன் வேலையில் பல ஆண்டு கழிந்த பிறகு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி உளவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். உளவுக்கும் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்று போன பிறகுதான் புரிந்தது.

தினமும் காலை ஆறரைக்கு முதல் தகவல். எங்கே என்ன சுவரொட்டி, எந்த ஊரில் மறியல், எந்தப் பிரமுகர் யார் வீட்டுக் காதுகுத்துக்கு வருகிறார். அது போக மாதம் ஒரு முறை அமைப்புகள் பதிவேடு. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு அமைப்புக்கும் அதில் ஒரு பக்கம். நான் பொறுப்பேற்றபோது இருபத்து மூன்று பக்கங்கள் இருந்தன. மாதக் கடைசியில், போன மாத அறிக்கையை எடுத்துத் தேதியை மாற்றி, "மேற்படி அமைப்புகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகின்றன. இம்மாதம் குறிப்பிடத்தக்க நடவடிக்கை ஏதுமில்லை" என்று அனுப்புவோம். வெளியாள் இதைச் சோம்பல் என்பார். நாங்கள் தொடர்ச்சி என்போம்.

உண்மையான தீவிரவாத அமைப்புகளைப் பற்றிய குறிப்புகளையும் நான் எழுதியிருக்கிறேன். அவற்றில் சிரிக்க ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தோற்றம், நோக்கம், செயல்முறை என்று அதே மூன்று தலைப்புதான். அடுக்கி வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் செயல்முறைதான் முதலில் வந்திருக்கும். நாலு பேருக்கு ஒரு குறை இருக்கும், அது நியாயமான குறையாகவும் இருக்கும். ஐந்தாவதாக ஒருவன் வந்து, பேசியது போதும் என்பான். அவன் கையில் ஏதோ ஒன்று இருக்கும். அது வெடித்த பிறகு உட்கார்ந்து நோக்கத்தை எழுதுவார்கள். செத்தவர்களின் பெயர்கள் அந்தத் துண்டறிக்கையில் இருக்காது.

எங்கள் ஆய்வாளர் பெயர் வேதமுத்து. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். அறிக்கையை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று சத்தமாகப் படிப்பார். "பயங்கர" என்ற சொல் வந்தால் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார், அந்தச் சொல்லை நாமே அடித்துவிட வேண்டும். படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேட்பார். "யார் பார்த்தா? எங்க நின்னு பார்த்தா? அப்போ நீ எங்க இருந்த?" இவற்றுக்குப் பதில் இல்லாத வரியை அனுப்ப மாட்டார். அவர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய ஆய்வாளர் வேறு மாதிரி. ஒன்றுமில்லை என்று எழுதிய அறிக்கையை அவர் கையிலேயே வாங்க மாட்டார்.

இந்தத் தலைப்பு ஏன் திடீரென்று கேட்கப்பட்டது என்றால், எபிநேசர் என்ற இளைஞனுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீசியன் வேலை கிடைத்திருந்தது. அணுசக்தி நிலையத்து வேலை, காவல்துறை சரிபார்ப்பு இல்லாமல் சேர முடியாது. சரிபார்ப்பில் மேலிடம் எங்கள் பதிவேட்டின் நகலைப் புரட்டியிருக்கிறது. அதில், "எபிநேசர், திருக்கைவால் படை, ஆயுதப் பொறுப்பு" என்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை அவன் பணியில் சேர வேண்டும். சேராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆள். அறிக்கை தர எங்களுக்கு நாலு நாள்.

பதிவேட்டின் முதல் பதிவு எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஏட்டு ஜெகந்நாதனின் கையெழுத்தில் இருந்தது. ஓய்வு பெற்றுத் திருக்கழுக்குன்றத்தில் இருந்தார். போனபோது வாசலில் மீன்தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"வா தணிகா, குந்து. இன்னா திடீர்னு?"

"அண்ணே, திருக்கைவால் படைன்னு ஒண்ணு எழுதினீங்களே, அது எங்கே கிடைச்சது?"

கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அதுவா? அந்த வாரம் ஒண்ணுமே மாட்டல. ஒண்ணுமில்லன்னு நில் ரிப்போர்ட் குடுத்தா அந்த ஐயா தாம்தூம்னு குதிப்பாரு. பேஜாரா பூட்ச்சி. வண்டில வந்துகினு இருந்தேனா, ரோட்டோரமா ஒரு பேனர் கீது. எறங்கி நோட்ல எய்திகினேன்."

"என்ன பேனர்?"

"கல்யாண பேனர்."

"கல்யாண பேனர்னு நீங்க எழுதலியே!"

"எய்தினா எவன் படிப்பான்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கோபப்பட்டார். "நான் ஒண்ணும் பொய் எய்தல தணிகா. படைன்னு கீது, எய்தினேன். பேர் கீது, பதவி கீது, எய்தினேன். கல்யாணத்த மட்டும் வுட்டுட்டேன். அவ்ளோதான்."

பத்திரிகையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இங்கே அச்சிட வேண்டாம்.

அடுத்து எபிநேசர் வீடு. புதுப்பட்டினத்துக்கு மேற்கே, ஒற்றையறை ஓட்டு வீடு. வாசலில் ஒரு பந்தல் போட்டு அதன் கீழே அடுப்பு வைத்திருந்தார்கள். அவன் அம்மா செல்வராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணி பத்தரை.

"டேய் எபி, போலீசு வந்துகீது, எய்ந்திரு!"

"அப்பால வரச் சொல்லும்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். எபிநேசர் போர்வையோடு வந்தான். திருக்கைவால் படை என்றதும் சிரித்துவிட்டான்.

"பிரகாஷ் கல்யாணத்துக்கு வெச்ச பேரு சார் அது. மொதல்ல சுனாமிப் படைன்னு வெச்சோம். அவங்கம்மா அய்துட்டாங்க. அதான் திருக்கை மீன் வாலுன்னு மாத்திட்டோம்."

"நீ ஆயுதப் பொறுப்பாமே?"

"பேனர் கட்டின அப்பால தான் சார் எனக்கே தெரியும். பேனர் கடையில போட்டது அது."

"வீட்டுல ஆயுதம் எதாவது இருக்கா?"

செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. "ஆயுதமா? தேங்கா ஒடைடான்னா பக்கத்து வூட்டு அக்காவாண்ட எட்த்துகினு போறவன் சார் இவன்!"

விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு வரியால் திங்கட்கிழமை சேர முடியாமல் போகலாம் என்று சொன்னபோது, கையில் இருந்த கீரைக்கட்டை அவர் கீழே வைத்தார்.

"சார், இந்தத் தெருவுலருந்து அந்த கேட்டுக்குள்ள போனவங்க அல்லாரும் பெருக்கத்தான் போனாங்க. நானும் பதினோரு வருசம் பெருக்கினேன். மெசினாண்ட போயி குந்தப் போறது இவன் ஒருத்தன் தான். இதுல கை வெச்சிடாதீங்க சார்."

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். பிறகு அந்தப் பேனர் இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"தோ, மேல தான் கீது," என்று கையைத் தூக்கினார்.

நான் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். பந்தலே அந்தப் பேனர்தான். அண்ணாந்து பார்த்தால், பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. "எச்சரிக்கை! திருக்கைவால் படை களமிறங்குகிறது." நடுவில் மணமக்கள். கீழே வரிசையாக ஐந்து இளைஞர்கள், கறுப்புக் கண்ணாடி, காதில் போன். தளபதி, உளவுப் பிரிவு, ஆயுதப் பொறுப்பு, கொரில்லாத் தாக்குதல், தலைமறைவு. ஐந்தாவது இடத்தில் முகமே இல்லை, கறுப்பு நிழல்தான்.

"அது ஜான்சன் சார். போட்டோ அனுப்ப மறந்துட்டான்," என்றான் எபிநேசர்.

அங்கிருந்து போய் ஜான்சனையும் விசாரித்தேன். தலைமறைவாக இருப்பவர் முட்டுக்காட்டில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் முதுகில் பெயர் எழுதியிருந்தது.

அன்று மாலை ஆய்வாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். பதிவேட்டிலிருந்து ஓர் அமைப்பை நீக்கத் தனிப் படிவம் உண்டு. கலைக்கப்பட்ட நாள், கலைத்தவர் பெயர், உறுப்பினர்கள் இப்போது எங்கே என்று கேட்டிருக்கும். "படை கலைந்துவிட்டது" என்று நிரப்பிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அவர் கிராம்பைக் கன்னம் மாற்றினார். "கலைஞ்சுதுன்னா முன்னாடி இருந்துச்சுன்னு அர்த்தம். அப்போ பையன் முன்னாள் ஆயுதப் பொறுப்பாளர். முன்னாள் ஆயுதப் பொறுப்பாளரை அணுமின் நிலையத்துல உள்ள விடுவாங்களாய்யா?"

"அப்போ, இருந்ததே இல்லைன்னு எழுதணும்."

"எந்தக் கட்டத்துல எழுதுவ?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இல்லாத அமைப்பு பதிவேட்டில் வரும் என்று படிவம் தயாரித்தவருக்குத் தோன்றவில்லை. கடைசியில், படிவத்தை விட்டுவிட்டு, கேட்டபடியே தோற்றம், நோக்கம், செயல்முறை என்று மூன்று தலைப்பில் உண்மையை எழுதுவது என்று முடிவானது. பேனரும் சான்றாக வேண்டும். செல்வராணி முதலில் மறுத்தார். மழை வந்தால் அடுப்பு நனையும். அலுவலகத்தில் இருந்த பழைய போதை ஒழிப்பு விழிப்புணர்வு பேனரைப் பதிலுக்குக் கொடுத்தோம். அதில் ஓர் உயர் அதிகாரியின் படம் இருந்தது. அவர் முகம் அடுப்புக்கு நேராக வராமல் கட்டச் சொன்னேன்.

பேனர் வந்ததும் ஆய்வாளர் அதை முற்றத்தில் விரித்து, சுற்றி நடந்து முழுவதும் சத்தமாகப் படித்தார்.

"இந்தப் பதவியெல்லாம் கடைக்காரன் போட்டதுன்னு யார் சொன்னா?"

"எபிநேசர்."

"சந்தேக நபரே சொன்னா எடுபடுமா? கடைக்குப் போ."

புதன்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் பாஸ்கர், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுகிறவர்.

"அது ரெடிமேட் டிசைன் சார். அஞ்சு மூஞ்சி, அஞ்சு பதவி. பேரயும் போட்டோவயும் மட்டும் மாத்துவேன். மூணாவது எடத்துல எவன் வந்தாலும் ஆயுதப் பொறுப்பு தான்."

"இதே டிசைனில் வேறு யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"யாருக்குப் போடல? கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி. முட்டுக்காடு வரிக்கும் போயிருக்கு. ஒரு பாஸ்டரு வூட்டு கல்யாணம் கூட உண்டு."

திரையில் வரிசையாகக் காட்டினார். புயல் படை, சூறைப் படை, கொம்பன் படை. என் எல்லைக்குள் இத்தனை படைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தளபதி, ஒரு தலைமறைவு. இவற்றில் ஒன்றைச் சான்றாகக் காட்டினாலும் எபிநேசரின் பதவி வெறும் அச்சு என்று நிரூபித்துவிடலாம். ஆனால் காட்டிய மறுநாளே அந்த ஐந்து பெயரும் பதிவேட்டில் ஏறும். அதில் ஒருவன் எங்காவது வேலைக்கு விண்ணப்பிப்பான். நான் இன்னொரு வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

"தோ, இது உங்க டிபார்ட்மெண்டு தான் சார்," என்று பாஸ்கர் நிறுத்தினார்.

"எச்சரிக்கை! காக்கிச் சிங்கங்கள் களமிறங்குகிறது." ஏட்டு ஜெகந்நாதனின் மகள் கல்யாணம். அவர் மகன் ஆர்டர் கொடுத்தது. மேலே, தலைமை தாங்குபவர் என்று ஜெகந்நாதன். கீழே அலுவலக நண்பர்கள் ஐந்து பேர். மூன்றாவது இடத்தில் சீருடையில் ஒருவர். ஆயுதப் பொறுப்பு, தணிகாசலம்.

"இது நீங்க தானே சார்?"

"ஆமாம்."

"நல்லா வந்துகீது."

அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பேனருக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்தினேன். முதல் பந்திக்கு நேரமாகிவிட்டதால் முன்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய போலீஸ்காரனின் ஓய்வூதியக் கோப்பு எந்த வேகத்தில் நகரும் என்று எனக்குத் தெரியும், அப்படி நகராத ஒன்றிரண்டை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், மூன்றாவது இடத்தில் இருந்தவர்களிலேயே, தீவிரவாதி என்று சொன்னால் மேலிடமும் சிரிக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். பதினெட்டு முறை கையெழுத்துப் போட்டவனும் நான்தான். "இதுல ஒரு காப்பி எடுங்க," என்றேன். கலரிலா, கறுப்பு வெள்ளையிலா என்று கேட்டார். கலரில் என்றேன்.

வியாழன் காலை எழுதி முடித்தேன். தோற்றம்: புதுப்பட்டினத்தில் உள்ள ஒரு பேனர் கடையின் கணினி. நோக்கம்: நண்பனின் திருமணத்தைச் சிறப்பித்தல். செயல்முறை: பட்டாசு வெடித்தல், மணமகனைத் தோளில் தூக்குதல், முதல் பந்தியில் அமர்தல். பிறகு கூடியதில்லை.

ஆய்வாளர் எழுந்து நின்று படித்தார். "முதல் பந்தின்னு எழுதியிருக்க. யார் பார்த்தா?"

"சமையல்காரரைக் கேட்டேன் ஐயா. சாம்பாரை அஞ்சு பேரே காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னார். வாக்குமூலம் இணைச்சிருக்கேன்."

தலையாட்டினார். இணைப்பைப் புரட்டி என் படத்தில் நின்றார். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதை அனுப்பினா உன் பேருக்கு ஒரு பக்கம் திறப்பாங்க. தெரியும்ல?"

"தெரியும் ஐயா."

"வேற பேனர் இல்லையா?"

"நிறைய இருக்கு ஐயா. எல்லாத்திலும் சின்னப் பசங்க."

அவர் உட்கார்ந்தார். அறிக்கை கையில் இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் படத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: "மேற்படி சிறப்பு உதவி ஆய்வாளரை நான் நேரில் அறிவேன். அவர் வசம் ஆயுதம் ஏதுமில்லை. லத்தியைக்கூட அலுவலகத்திலேயே வைத்துவிட்டுச் செல்வது வழக்கம்." கையெழுத்திட்டு, தனி ஆளிடம் கொடுத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. செல்வராணி மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை ஒன்றும் கேட்காமல், "சும்மா தான் சார்," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் பதில் வந்தது. இரண்டு பத்தி. எபிநேசர் பணியில் சேர ஆட்சேபணை இல்லை, திருக்கைவால் படை பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது என்பது முதல் பத்தி. ஆய்வாளர் சிவப்பு மையில் அந்தப் பக்கத்தை மூலைக்கு மூலை அடித்தார். நான் நேரே புதுப்பட்டினம் போனேன். எபிநேசர் கடிதத்தை இரண்டு முறை படித்தான். செல்வராணி அதை வாங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தைத் தொடாமல் ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார். "முத்திர கீதா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டினேன். திங்கட்கிழமை எட்டரைக்கு அவன் அந்த கேட்டுக்குள் போனான். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

இரண்டாவது பத்தியை அவர்களிடம் நான் காட்டவில்லை. "காக்கிச் சிங்கங்கள் என்ற அமைப்பில் ஆயுதப் பொறுப்பு வகிப்பதாகத் தெரியவரும் சி.உ.ஆ. தணிகாசலம் என்பவர் குறித்து, அவர் வசிக்கும் பகுதியின் உளவு அலுவலர் மூலம் நேரில் விசாரித்து அறிக்கை அனுப்புக" என்று இருந்தது.

ஆய்வாளர் அதை எழுந்து நின்று படித்தார். "நீ வசிக்கிற பகுதிக்கு உளவு அலுவலர் யாருய்யா?" என்றார்.

"நான்தான் ஐயா."

"அப்புறம் என்ன? போய் விசாரி."

திங்கட்கிழமை காலை வீட்டில் டீ குடித்துவிட்டு அலுவலகம் போய், புதுத் தாள் எடுத்து, தேதி போட்டு எழுதினேன்: "மேற்படி நபரை அவரது இல்லத்தில் நேரில் விசாரித்தேன். விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு அளித்தார்."